வராத நாட்கள்

ஜூன் 12, திங்கள்

சர்க்கரை 171. காலையில் வெறும் வயிற்றில் பார்ப்பதைத் தினமும் இந்த டைரியில் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்கு அரை வரி போதும். மீதிப் பக்கம் சும்மா கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. குடோனில்கூட நான் இடத்தைக் காலியாக விடுகிறவன் அல்ல.

இன்று பள்ளிக்கூடம் திறந்தார்கள். கௌசிகா மறுபடியும் பிளஸ் டூவுக்கே போனாள். யூனிபார்ம் போன வருஷத்ததுதான். அவள் அம்மா சாரதாமணி கால் மடிப்பைப் பிரித்து ஒரு அங்குலம் இறக்கித் தைத்துக் கொடுத்தாள். பிள்ளை இன்னும் வளர்கிறாள். வாலிபாலுக்கு அது நல்லது.

போன வருஷம் அட்டெண்டன்ஸ் குறைந்துபோனதால் அவளைப் பரீட்சை எழுத விடவில்லை. பள்ளிக்கூடத்துச் சட்டம், யார் என்ன செய்ய முடியும்? ஒரு வருஷம்தானே. சாயங்காலம் வந்தவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "கிளாஸ்ல எல்லாரும் என்னைய அக்காங்கறாங்கப்பா."

மரியாதை கொடுக்கிறார்கள், நல்லதுதானே என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

164. மழை வரும்போல் இருந்தது. கிழக்கு மூலையில் தார்ப்பாய் மாற்றினோம்.

ஜூலை 4, செவ்வாய்

158. மார்க்கெட்டுக்கு வெளியே டீக்கடையில் தரகர் வேலுச்சாமி எல்லார் முன்னாலும் என்னைக் கிண்டல் செய்தான்.

"தண்டபாணி அண்ணன் மஞ்சளத்தான் ஸ்டாக் வெப்பாருன்னு பாத்தா, பெத்த புள்ளையவுமல்லொ குடோன்ல போட்டு வெச்சுட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனுக்கு வியாபாரமும் தெரியாது, விளையாட்டும் தெரியாது. மஞ்சள் நெல்லைப் போல அல்ல. காய வைத்து, வண்டு விழாமல் பார்த்துக்கொண்டால் மூன்று வருஷமானாலும் அது மஞ்சள்தான். விலை இல்லாதபோது அவசரப்பட்டுத் தள்ளிவிட்டவர்கள் இன்னும் அதே சைக்கிளில்தான் வருகிறார்கள். ஏழாம் வகுப்போடு மூட்டை தூக்க வந்தவன் நான். பொறுத்ததால்தான் இந்தக் குடோன்.

கௌசிகாவுக்கு ஜனவரியில்தான் பத்தொன்பது முடிகிறது. பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் இந்த வருஷம் இவள்தான் மூத்தவள், உயரமானவள். அடித்தால் எதிர்ப்பக்கத்தில் எடுக்க ஆள் கிடையாது. மாநிலப் போட்டியில் ஜெயித்தால் தேசியப் போட்டி. அங்கே பெரிய நிறுவனங்களிலிருந்து ஆள் எடுக்க வருவார்கள். அரசாங்க வேலை. இதெல்லாம் ஜெயசீலன் மாஸ்டர், அவளுடைய விளையாட்டு ஆசிரியர், எனக்குப் புரியும்படி சொன்னது.

அவளோடு ஆடிய ரிஸ்வானாவின் அப்பா இஸ்மாயில் பாய் பைக் மெக்கானிக். அவர் பொறுக்கவில்லை. பிள்ளை ஏதோ மார்க் வாங்கி பிளஸ் டூ பாஸானதும் கோயம்புத்தூரில் ஒரு காலேஜில் பி.ஏ. சேர்த்துவிட்டார். பச்சையாகவே விற்றுவிட்டார் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜூலை 20, வியாழன்

கௌசிகா ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்து உட்கார்ந்தாள். உள்ளே சின்னச் சின்னச் சீட்டுகள். போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுக்கிற ஓ.டி. சீட்டின் நகல்களாம். அந்தச் சீட்டைக் கொடுத்தால் வகுப்பில் இல்லாவிட்டாலும் வந்த மாதிரிதான் கணக்கு. போட்ட தேதி, போன ஊர், ஆடிய ஆட்டம் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாள். மொத்தம் நாற்பத்தாறு நாள்.

"அத்தனை நாளைக்கும் சீட்டுக் குடுத்தேனுங்ப்பா. ஒண்ணுகூடத் தொலைக்கல. அப்பறம் ஏன் ஆப்சென்ட் போட்டாங்கன்னே தெரியல. ஆபீஸ் ரூம்ல போய்க் கேக்கட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். முடிந்துபோன விஷயத்தைக் கிளறினால் டீச்சர்களுக்குக் கோபம் வரும், இந்த வருஷம் அவர்கள் தயவு வேண்டும் என்றேன். அவள் கவரைத் திரும்ப மடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். சாரதாமணி சமையல்கட்டில் இருந்து என்னையே பார்த்தாள். அவளுக்கு நான் எதையும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொன்னால் வீடு நடக்காது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

சர்க்கரை பார்க்க மறந்துவிட்டேன். மஞ்சள் ஏறிவிட்டது. பதிமூன்று வருஷமாகப் பார்க்காத விலை. ஏலத்தில் என் விரலி மஞ்சளை ஒடித்துப் பார்த்த வடநாட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவர் பாராட்டு. பாதியைக் கொடுத்தேன், பாதியை வைத்திருக்கிறேன். வேலுச்சாமி வந்து, அண்ணா உங்களுக்குப் பொறுமை சாமி கொடுத்த வரம் என்றான்.

அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிப் போனேன். கௌசிகா பயிற்சி முகாமுக்குத் திண்டுக்கல் போயிருந்தாள். அவளிடம் போனில் சொன்னேன். "நல்லதுங்ப்பா. எங்களுக்கு ஒன்பது நாள் கேம்ப். அக்கவுண்டன்சில ரெண்டு பாடம் போயிரும்" என்றாள். நான் மஞ்சளைச் சொல்ல, அவள் பாடத்தைச் சொல்கிறாள்.

செப்டம்பர் 5, செவ்வாய்

149. வத்சலா டீச்சர், வணிகவியல் எடுப்பவர், மார்க்கெட் வாசலில் என்னைப் பார்த்து ஸ்கூட்டியை நிறுத்தினார். உங்க பொண்ணு கணக்குப்பதிவில் நல்லாப் பிடிச்சுக்கறா, வாரத்துல மூணு நாளாவது வகுப்புல உட்கார வைங்க என்றார். ஆகட்டுங்க டீச்சர் என்றேன். மாஸ்டரிடம் கேட்டேன். தேசியப் போட்டி முடியட்டும், அப்புறம் ரெண்டு மாசம் படிச்சா பாஸ் பண்ணிடலாம் என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது.

அக்டோபர் 17, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. மாநிலப் போட்டி நடப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது, யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரிய அரசு நிறுவனம் ஒன்று பெண்கள் வாலிபால் அணிக்கு ஆள் எடுக்கிறதாம். திண்டுக்கல் முகாமில் பார்த்த யாரோ இவள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். சென்னையில் தேர்வு. சாரதாமணி கௌசிகாவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கௌசிகாவின் முகத்தில் நான் ஆறு மாதமாகப் பார்க்காத சிரிப்பு. இரவு ரயிலுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது.

அக்டோபர் 19, வியாழன். சென்னை

லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கே ஆட்டம். எழுபது பிள்ளைகள் இருக்கும். கௌசிகாவுக்கு முதுகில் இருபத்துமூன்றாம் எண். நான் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். அவள் குதித்தபோது வலைக்கு மேலே முழங்கை தெரிந்தது. அடித்த பந்து தரையில் பட்டு வேலி வரைக்கும் வந்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர், யார் பொண்ணுங்க இது என்றார். என்னுது என்றேன். என் வாழ்க்கையில் எந்தச் சரக்கையும் என்னுது என்று அப்படிச் சொன்னதில்லை.

பதினோரு மணிக்கு எட்டுப் பேர் எண்ணைக் கூப்பிட்டார்கள். இருபத்துமூன்று இருந்தது. ரிஸ்வானாவின் எண்ணும் இருந்தது. அவளும் வந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இஸ்மாயில் பாய் எனக்குக் கை கொடுத்தார்.

சான்றிதழ் பார்க்கிற மேஜைக்குப் போனோம். வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி. மரியாதையான மனுஷன்.

"பிளஸ் டூ மார்க் ஷீட்டும்மா?"

"இந்த வருஷந்தான் எழுதறேனுங்க சார்."

"வயசு பத்தொம்பது முடியப் போகுதே. எங்க நின்னே?"

"போன வருஷம் அட்டெண்டன்ஸ் பத்தலைங்க."

"ஏன், எங்க போயிருந்தே?"

"வாலிபால் ஆடத்தானுங்க சார்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குத்தானேம்மா ஓ.டி. குடுக்கறாங்க" என்றார். நான் அவள் பின்னால் நின்றேன்.

மே மாதம் மார்க் ஷீட் வந்துவிடும், அதுவரை பொறுங்கள் என்று நான் கேட்டேன். எனக்குத் தெரிந்த விதத்தில் எல்லாம் கேட்டேன். காலியிடம் இந்த வருஷத்துக்கானது, குறைந்தபட்சத் தகுதி பிளஸ் டூ, அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை சார் என்றார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். வந்தது ரிஸ்வானா. அவள் ஆட்டத்தில் கௌசிகாவுக்குப் பாதிகூட வரமாட்டாள். அவள் பையில் மார்க் ஷீட் இருந்தது.

ரிஸ்வானாதான் அழுதாள். கௌசிகா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 20, வெள்ளி

ஊர் வந்தோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கிளாஸ் டீச்சர் என் சீட்டையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்ப்பா. எம்மேல அவங்களுக்கு என்ன கோபம்?"

தெரியவில்லை கண்ணு என்றேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

நேற்று ஆயுத பூஜை. தராசுக்கும் கோணிக்கும் பொட்டு வைத்தேன். கௌசிகா பந்தைக் கொண்டுவந்து வைப்பாள், இந்த வருஷம் வைக்கவில்லை. அக்கவுண்டன்சி புத்தகத்தை வைத்தாள்.

வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். டீச்சருக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. போன பிப்ரவரியில் ஜெயசீலன் மாஸ்டர் குடோனுக்கு வந்தார். உங்க பொண்ணு இந்த மார்ச்சில் பாஸாகிவிட்டால் பள்ளியை விட்டுப் போய்விடுவாள், இன்னும் ஒரு வருஷம் வயசு இருக்கிறது, இருந்தால் தேசிய அளவுக்குக் கொண்டுபோவேன் என்றார். எப்படி நிறுத்துவது என்று நான்தான் கேட்டேன். ஓ.டி. நாட்களை விடுப்பாகப் போட்டால் அட்டெண்டன்ஸ் தானாகக் குறையும், பரீட்சைக்குப் பெயர் போகாது, பெற்றவர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தால் போதும் என்றார். கடிதத்தை அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். கோயம்புத்தூர் காலேஜ் ஒன்று அப்போதே இவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. சாப்பாடும் விடுதியும் சேர்த்து. பி.காம். அதை அவள் இரண்டு முறை என்னிடம் சொன்னாள். பி.காம். எங்கே போய்விடும், விலை ஏறட்டும் என்று நினைத்தேன்.

அந்த நாற்பத்தாறு நாளில் மாவட்டக் கோப்பை வாங்கிய நாளும் உண்டு. பள்ளி மேடையில் மாலை போட்டு நிற்க வைத்துப் படம் எடுத்து, ஆபீஸ் ரூமில் மாட்டியிருக்கிறார்கள். அன்று அவள் வரவில்லை என்று அவளைப் பெற்ற நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 2, வியாழன்

188.

டிசம்பர் 9, சனி

மாநிலப் போட்டி அரையிறுதியில் தோற்றுவிட்டார்கள். கௌசிகா நன்றாகத்தான் ஆடினாள் என்றார்கள். தேசியப் போட்டி இல்லை. போனில் மாஸ்டரின் குரலே வேறு மாதிரி இருந்தது. பார்க்கலாம் சார் என்றார். நான் சரக்கை நிராகரிக்கும்போது அந்தக் குரலில்தான் சொல்வேன்.

டிசம்பர் 27, புதன்

ஜெயசீலன் மாஸ்டர் வேறு பள்ளிக்குப் போய்விட்டாராம். பிளஸ் ஒன் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கௌசிகா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "என்னையும் கூப்புட்டாருங்களாப்பா?" என்றாள்.

உனக்குத்தான் வயசு முடியுதே சாமி என்றேன். தலையை ஆட்டினாள். துணியை மடித்துக்கொண்டே, மார்ச்சில் பரீட்சை எழுதிவிட்டால் காலேஜுக்குக் கேட்டுப் பார்க்கலாம், அந்த கோயம்புத்தூர்க் காலேஜ் கோச் நம்பர் இருக்கிறது என்றாள். அவளாகவே திட்டம் போட்டு வைத்திருக்கிறாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இந்த மார்ச்சை அவள் எழுதிவிட்டால் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

ஜனவரி 8, திங்கள்

பள்ளியிலிருந்து அழைத்தார்கள். கௌசிகாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தலைமையாசிரியை புதிதாக வந்தவர். பிளஸ் டூ பரீட்சைக்குப் போகிற பெயர்ப் பட்டியலில் கௌசிகாவின் பெயர் இல்லை, அட்டெண்டன்ஸ் இந்த வருஷமும் பத்தவில்லை என்றார். எனக்குப் புரியவில்லை. இந்த வருஷம் நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லையே. கேம்ப், மாவட்டம், மண்டலம், மாநிலம், எல்லாவற்றுக்கும் ஓ.டி. உண்டே என்றேன்.

அவர் பைலைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். என் கையெழுத்து. அவர் படிக்கும் முன் கௌசிகா கை நீட்டினாள். அவரும் கொடுத்துவிட்டார். கௌசிகா மெதுவாக, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கிற மாதிரி வாசித்தாள்.

"என் மகள் விளையாட்டுப் போட்டிகளுக்குச் சென்ற நாட்களையும் இனிச் செல்லும் நாட்களையும் விடுப்பாகவே கருதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இனி என்ற சொல்லை நான் பிப்ரவரியிலேயே படித்தேன். ஒரு துண்டுச் சீட்டைக்கூட இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போடாதவன் நான். அந்த வருஷத்தில் மீதியிருந்த ஒரு மாதத்தைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வகுப்பாசிரியை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கடிதம் பைலில் இருந்தது, அதன்படி அவர் பாட்டுக்கு ஆப்சென்ட் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். மாஸ்டர் கவனித்திருக்க வேண்டும். அவர் போய்விட்டார்.

இப்போது திருத்திக் கொடுங்கள், வேறு கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். இந்த வருஷம் பட்டியலை முன்னதாகவே வாங்கிக்கொண்டார்கள், பதிவேடு முடித்து அனுப்பியாகிவிட்டது, ஜூனில் தனித்தேர்வராக எழுதலாம் என்றார் தலைமையாசிரியை. அவருக்கும் வருத்தம்தான்.

கௌசிகா தாளை மடிக்காமல் மேஜைமேல் வைத்தாள். தேதியைத் தொட்டுக் காட்டி, "இது போன வருஷமுங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"அப்போ டீச்சர் ஒண்ணும் பண்ணலைங்களா."

இல்லை என்றேன்.

அவ்வளவுதான். வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தாள், என் தோளைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஜனவரி 9, செவ்வாய்

241. சாரதாமணிக்குத் தெரிந்துவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன். என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க" என்றாள்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். நேற்று முன்தினம் அவளுக்குப் பத்தொன்பது முடிந்தது. கேட்டால் செரிங் என்கிறாள், கூப்பிட்டால் வர்றேனுங் என்கிறாள். முன்பும் மரியாதையாகத்தான் பேசுவாள். இப்போது பேசுவது மார்க்கெட்டில் முதல் தடவை பார்க்கிறவர்கள் பேசுகிற மரியாதை.

மீதி மஞ்சளையும் கொடுத்துவிட்டேன். நல்ல விலை. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 1, வெள்ளி

இன்று பிளஸ் டூ பரீட்சை ஆரம்பம். தெருவில் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடு போனார்கள். கௌசிகா பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் போன வருஷத்துக் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போனில் மூன்று மணி நேரம் அலாரம் வைத்தாள். நான் மாத்திரை எடுக்கிற சாக்கில் இரண்டு முறை உள்ளே போனேன்.

அரை மணி நேரத்தில் பேனாவை வைத்துவிட்டு விரல்களை நீவ ஆரம்பித்தாள். வலைக்கு மேலே பந்தைத் தடுத்துத் தடுத்து வலது கையில் இரண்டு விரல் நேராக நீளாது. மூன்று மணி நேரம் ஓயாமல் குதிக்கிற உடம்பு. ஒன்றரைப் பக்கம் எழுத அந்தக் கைக்குப் பழக்கம் இல்லை. ஐந்து வருஷமாக யார் அவளை எழுத உட்கார வைத்தார்கள்? மறுபடி எடுத்தாள், எழுதினாள், வைத்தாள், நீவினாள். அலாரம் அடித்தபோது நான்கு பக்கம் ஆகியிருந்தது. சாரதாமணி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கை இரண்டையும் அதில் விட்டுக்கொண்டு கௌசிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

தினமும் இப்படி உட்காருகிறாள். சனிக்கிழமைகளில் வத்சலா டீச்சர் வீட்டுக்குப் போகிறாள்.

ஏப்ரல் 18, வியாழன்

கோயம்புத்தூர்க் காலேஜ் கோச்சுக்கு அவள் போன் செய்திருக்கிறாள். அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. இந்த வருஷம் அணியில் இடம் நிரம்பிவிட்டதாம், பத்தொன்பது தாண்டிய பிள்ளையை எடுப்பது கஷ்டம் என்றாராம். பீஸ் கட்டிச் சாதாரணமாகச் சேரலாம், ஆனால் முதலில் பிளஸ் டூ வேண்டும். நான் கட்டுகிறேன் என்று கூடத்திலிருந்து சொன்னேன். உள்ளே பேச்சு நின்றுவிட்டது.

மே 6, திங்கள்

ரிசல்ட். அவளை அக்கா என்று கூப்பிட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராக போன் செய்து மார்க் சொன்னார்கள். எல்லாருக்கும் வாழ்த்துச் சொன்னாள். அரிசி களைந்து உலை வைத்தாள். ரிஸ்வானாவும் போன் செய்தாள், முதல் சம்பளத்தில் ஷூ வாங்கியிருக்கிறாளாம். அதற்கும் வாழ்த்துச் சொன்னாள்.

மே 17, வெள்ளி

176. தனித்தேர்வருக்கான விண்ணப்பம் கொடுக்கிறார்கள். வத்சலா டீச்சர் படிவம் கொண்டுவந்து கொடுத்தார். கௌசிகா மத்தியானம் மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து நிரப்பினாள். பெயர், பிறந்த தேதி, கடைசியாகப் படித்த பள்ளி, எழுதப் போகும் பாடங்கள். ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகச் சொல்லவில்லை. அதையே பெரிதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசிப் பக்கத்தின் அடியில் பெற்றோர் கையொப்பம் என்று ஒரு கட்டம் இருந்தது. தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்க வந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

அவள் படிவத்தைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். கோபம் இல்லை, குரலும் உயரவில்லை.

"வேண்டாமுங்ப்பா. பதினெட்டு ஆகாதவங்களுக்குத்தான் அது. எனக்குப் பத்தொம்பது ஆயிருச்சுங்களே."

தன் கையெழுத்தைப் போட்டாள். பிறகு என் கட்டத்தில் ஸ்கேலை வைத்து ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு மேலே, விரல் வலிக்க வலிக்க, தெளிவாக எழுதினாள்: பொருந்தாது.